தேய்த்த வெப்ளியும் வெட்டிய வெப்ளியும்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சுடுவதில் ஆர்வம் கிடையாது. டெக்சாஸுக்கு வந்து பதினாறு வருஷம் ஆகிறது. ஆபீஸ் நண்பர்களோடு இரண்டு தடவை சுடுதளத்துக்குப் போயிருக்கிறேன். இரண்டு தடவையும் காதுவலியோடு திரும்பி வந்ததுதான் மிச்சம். ஆனால் பழைய இயந்திரம் எதைப் பார்த்தாலும் கழற்றிப் பார்க்கக் கை அரிக்கும். முதல் உலகப்போரில் மெசபடோமியாவுக்குப் போன மதராஸ் சாப்பர்கள் பற்றிப் போன வருஷம் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்து பிரிட்டிஷ் அதிகாரிகளின் படங்களில் இடுப்பில் தொங்கும் தோல் உறை கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. உள்ளே என்ன இருக்கும் என்று தேடப்போய் வெப்ளி ரிவால்வரில் வந்து நின்றேன். அங்கிருந்து ‘ஒன்று வாங்கினால் என்ன?’ என்ற கேள்விக்கு வர ரொம்ப நாள் ஆகவில்லை.

போன மாதம் டாலஸ் பக்கத்தில் நடந்த ஒரு துப்பாக்கிச் சந்தையில் இரண்டு வெப்ளிகளைக் கையில் எடுத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே மாடல், மார்க் 6. ஒன்று பளபளவென்று இருந்தது, 1,900 டாலர். இன்னொன்று பழைய இரும்புக் கடையில் கிடக்கிற மாதிரி இருந்தது, 700 டாலர். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு, பழைய ரிவால்வரை எடைபோடும் வழக்கமான முறையில் எங்கே கோளாறு என்று எனக்குப் படுவதை எழுதுகிறேன். வாங்கினேனா இல்லையா என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

போன பதிவின் பின்னூட்டத்தில் ஒருவர் ‘உங்களால் வாங்க முடியுமா?’ என்று கேட்டிருந்தார். கிரீன் கார்டு இருந்தால் முடியும். எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்குப் பொதுவாகத் தடை. வேட்டை லைசென்ஸ் எடுத்திருந்தால் விலக்கு உண்டு என்பது அமெரிக்கச் சட்டத்தின் வேடிக்கைகளில் ஒன்று. 1898 அல்லது அதற்கு முன்னால் செய்யப்பட்ட துப்பாக்கிகளைச் சட்டம் ‘பழம்பொருள்’ என்று ஒதுக்கிவிடுகிறது, கட்டுப்பாடு குறைவு. மார்க் 6 அதில் வராது. ஐம்பது வருஷத்தைத் தாண்டியதால் சேகரிப்புப் பொருள் என்ற தனி வகையில் வரும். அவ்வளவுதான். ஆனாலும் அது துப்பாக்கிதான். டீலரிடம் வாங்கினால் படிவம் நிரப்பவேண்டும், பின்னணிச் சோதனை உண்டு.

இன்னொரு சின்ன விஷயம். நம்மூர் மாத நாவல்களில் வில்லன் ‘சைலன்சர் பொருத்திய ரிவால்வரை’ நீட்டுவான். நானும் அதைப் படித்து வளர்ந்தவன்தான். ரிவால்வரில் தோட்டா இருக்கும் சிலிண்டர் தனி, குழல் தனி. இரண்டுக்கும் நடுவே முடி அளவு இடைவெளி உண்டு. வாயு அந்த இடைவெளி வழியாகச் சத்தத்தோடு வெளியே வந்துவிடும். குழல் முனையில் சைலன்சர் மாட்டி ஒரு பிரயோஜனமும் இல்லை. இதற்கு விலக்கு ரஷ்யாவின் 1895 நாகான்ட் ரிவால்வர். அதில் சுடும்போது சிலிண்டர் முன்னால் நகர்ந்து குழலோடு ஒட்டிக்கொள்ளும். நம் வில்லன்கள் எல்லாரும் நாகான்ட் வைத்திருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். பர்மிங்ஹாமின் வெப்ளி கம்பெனி பிரிட்டிஷ் ராணுவத்துக்கு 1887இல் மார்க் 1 கொடுத்தது. 1915 மே மாதம் மார்க் 6 வந்தது. ஆறு அங்குலக் குழல், .455 தோட்டா, எடை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. இதன் தனிச்சிறப்பு, நடுவில் முறிவது. சுத்திக்குப் பக்கத்தில் ஒரு நெம்புகோல். அதைக் கட்டைவிரலால் தள்ளிக் குழலைக் கீழே மடக்கினால், சிலிண்டரின் நடுவிலிருந்து ஒரு நட்சத்திரத் தகடு மேலே எழும்பி ஆறு காலித் தோட்டாக்களையும் ஒரே தடவையில் வெளியே தள்ளும். மேலே வந்த வேகத்தில் தகடு மறுபடி உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். சேறும் சகதியுமான பதுங்குகுழியில், கை நடுங்கிக்கொண்டிருக்கும் ஒருவன் குறைந்த நேரத்தில் மறுபடி நிரப்பிக்கொள்ள வசதியான ஏற்பாடு. நான் அதை மூன்று தடவை மடக்கி மடக்கிப் பார்த்தேன். விற்பவர் சிரித்தார். ‘எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள்’ என்றார்.

முதலில் பளபளப்பானது. சீட்டில் ‘95 சதவீதம்’ என்று எழுதியிருந்தது. பழக்கமில்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். இரும்பின் மேல் துருப்பிடிக்காமல் இருக்க ரசாயனத்தால் ஒரு கருநீலப் படலம் ஏற்றுவார்கள். பெயின்ட் இல்லை, இரும்பின் மேல்தோலையே மாற்றுவது. உறையில் போட்டுப் போட்டு எடுத்தால் ஓரங்களில் அது தேயும். ஆலையிலிருந்து வந்த படலத்தில் இன்னும் எத்தனை சதவீதம் மிச்சம் என்பதுதான் அந்த எண். அமெரிக்காவில் விலைப் பட்டியல் புத்தகங்கள் இந்தச் சதவீதத்தை வைத்துத்தான் பத்தி பத்தியாக விலை போடுகின்றன. 98க்கும் 80க்கும் நடுவே விலை மளமளவென்று இறங்கும்.

நான் சாஃப்ட்வேர்க்காரன். ஒரு பெரிய சிஸ்டத்தின் ஆரோக்கியத்தை ஒரே எண்ணில் சொல் என்று மேனேஜர் கேட்டால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கொஞ்ச நாளில் சிஸ்டம் அப்படியே இருக்கும், எண் மட்டும் உயரும். இங்கேயும் அதே கதை. சதவீதத்துக்குக் காசு என்று ஆனதும், சதவீதத்தைச் செய்து கொடுக்க ஆள் வந்துவிடுகிறான். துருப்பிடித்த மேற்பரப்பைச் சாணைச் சக்கரத்தில் வைத்துத் தேய்த்து, மறுபடி நீலம் ஏற்றினால், 40 சதவீதத் துப்பாக்கி ஒரே வாரத்தில் 95 ஆகிவிடும். ‘மிச்சமிருக்கும் ஆலைப் படலம்’ என்ற அசல் அர்த்தத்தில் பார்த்தால் அது பூஜ்யம். இதைச் சேகரிப்பாளர்கள் அறியாதவர்கள் இல்லை. மறுபூச்சு என்றால் விலையில் பாதி போகும் என்று அவர்களே சொல்வார்கள். ஆனால் சீட்டில் ‘95’ என்று எழுதுபவர் எந்த 95 என்று எழுதுவதில்லை. புதிதாக வரும் என்னை மாதிரி ஆள் அந்த எண்ணை நம்பித்தான் பர்ஸைத் திறக்கிறான்.

மறுபூச்சைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. சாணைச் சக்கரத்துக்கு மேடு பள்ளம் தெரியாது. கூர்மையாக இருக்கவேண்டிய விளிம்புகள் சோப்புக்கட்டி மாதிரி மழுங்கியிருக்கும். திருகாணித் துளையைச் சுற்றி இரும்பு லேசாகக் குழிந்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் கிண்ணம் மாதிரித் தெரியும். இதைவிட முக்கியம் முத்திரைகள். இரும்பில் எழுத்தை அடிக்கும்போது எழுத்தைச் சுற்றி மெல்லிய வரப்பு எழும்பும். விரலால் தடவினால் தட்டுப்படும். தேய்த்த துப்பாக்கியில் வரப்பு இருக்காது. எழுத்து வழவழவென்று, ஆழமில்லாமல், புகைந்து கிடக்கும்.

எனக்கு உடனே ஞாபகம் வந்தது நம்மூர்க் கோயில் திருப்பணிகள்தான். சுவரில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கையும் சுண்ணாம்பையும் எடுக்கிறேன் என்று குழாயில் மணலை வேகமாக அடித்துச் சுத்தம் செய்தார்கள். கல் புதிது போல ஆனது. பக்தர்களுக்குச் சந்தோஷம். கல்வெட்டு படிப்பவர்களுக்கு வயிற்றெரிச்சல். எழுத்தின் விளிம்பு போய்விட்டால் ‘ப’வா ‘ம’வா, ‘ர’வா காலா என்று எதை வைத்து முடிவு செய்வது? கல்வெட்டு ஆர்வலர்கள் இதற்காக எவ்வளவு கத்தியிருக்கிறார்கள் என்பது தெரிந்த விஷயம். பொது அறிவுப்படி பார்த்தால் அழுக்குப் போனது நல்லதுதான். ஆனால் அந்தச் சுவர் வெறும் சுவராக இருந்தால்தான் அந்தக் கணக்கு சரி.

இந்தப் பளபளப்பான வெப்ளியோடு ஒரு கதையும் வந்தது. ஒரு ஆஸ்திரேலிய அதிகாரி கலிப்போலியில் இதைத்தான் வைத்திருந்தாராம். போருக்குப் பிறகு அவர் குடும்பம் அமெரிக்கா வந்ததாம், அவர்களிடமிருந்து இவருடைய மாமனாருக்கு வந்ததாம். காகிதம் ஏதாவது உண்டா என்று கேட்டேன். இல்லை. ‘ஆனால் தேதி பாருங்கள், 1915’ என்று சட்டத்தின் பக்கவாட்டைக் காட்டினார். மார்க் 6இல் செய்த வருஷத்தை அந்த இடத்தில் அடித்திருப்பார்கள். பார்த்தேன். 191 தெளிவு. கடைசி இலக்கம் தேய்ந்திருந்தது. நேராகப் பார்த்தால் ஐந்து என்றும் சொல்லலாம்.

கல்வெட்டுக்குச் செய்வதைத்தான் செய்தேன். செல்போன் விளக்கைப் பக்கவாட்டில், ஏறக்குறையப் படுக்கைவாக்கில் பிடித்தேன். நிழல் விழுந்ததும் எழுத்து எழுந்து வந்தது. மேலே ஒரு கோடு, அதிலிருந்து சாய்ந்து இறங்கும் கால். வயிறு கிடையாது. ஏழு. 1917. கலிப்போலிப் போர் 1915 ஏப்ரலில் ஆரம்பித்து 1916 ஜனவரியில் கடைசிப் படையும் வெளியேறியதோடு முடிந்துவிட்டது. அதாவது அந்த அதிகாரி கலிப்போலியை விட்டுக் கிளம்பி ஒரு வருஷத்துக்குப் பிறகுதான் இந்தத் துப்பாக்கி பிறந்திருக்கிறது.

சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ‘அப்படியானால் அவர் பிறகு வாங்கியிருப்பார்’ என்றார். அவர் ஏமாற்றுக்காரர் என்று எனக்குத் தோன்றவில்லை. மாமனார் சொன்னதை நம்பியிருக்கிறார், அந்த இலக்கத்தை ஐந்து என்றே படித்திருக்கிறார். நான் கவனித்தது வேறு. அந்த இலக்கம் கூர்மையாக இருந்திருந்தால் இந்தக் கதை பிறந்தே இருக்காது. தேய்த்ததால்தான் கதைக்கு இடம் கிடைத்தது. பாலிஷ் போட்டவரும் கதை சொன்னவரும் ஒருவரையொருவர் பார்த்ததுகூட இருக்காது. ஆனால் ஒருவர் அழித்த இடத்தில் இன்னொருவர் எழுதியிருக்கிறார். 1,900 டாலரில் பாதிக்கு மேல் இந்தக் கூட்டு முயற்சிக்குத்தான்.

இந்த இடத்தில் சேகரிப்பாளர்கள் ஒரு அறிவுரை சொல்வார்கள்: துப்பாக்கியை வாங்கு, கதையை வாங்காதே. நல்ல அறிவுரை, ஆனால் பாதிதான் சரி. கதையே வேண்டாம் என்றால் ஒரு கிலோ பழைய இரும்புக்கு யார் ஆயிரம் டாலர் தருவார்கள்? எல்லாரும் கதைக்குத்தான் காசு தருகிறார்கள். கேள்வி, அந்தக் கதை எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான்.

இரண்டு பிரபலமான ஏலங்களைப் பாருங்கள். 1881 ஜூலையில் நியூ மெக்சிகோவின் ஃபோர்ட் சம்னரில் ஷெரிஃப் பாட் காரெட், பில்லி தி கிட் என்ற கொள்ளைக்காரனைச் சுட்டுக்கொன்ற கோல்ட் ரிவால்வர் 2021இல் ஏலத்துக்கு வந்தது. 60 லட்சம் டாலருக்கு மேல் போனது. அதில் என்ன விசேஷம்? காரெட் உயிரோடு இருந்தபோதே அது இன்ன துப்பாக்கி என்று ஊருக்குத் தெரியும். அவர் அதை எல் பாசோவில் ஒரு மதுக்கடையில் காட்சிக்கு வைக்கக் கொடுத்திருந்தார். 1908இல் அவரும் சுடப்பட்டு இறந்தார். பின்னாளில் அவர் மனைவி துப்பாக்கியைத் திரும்பக் கேட்டு நீதிமன்றம் வரை போய் வாங்கினார். அந்த வழக்கு அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு தலைவலியோ, துப்பாக்கிக்கு அதுதான் பிறப்புச் சான்றிதழ். கையை விட்டுக் கை மாறிய ஒவ்வொரு இடத்திலும் ஒரு தாள் இருக்கிறது.

இன்னொன்று வான் கோ. 1890 ஜூலையில் பிரான்சின் ஓவேர் கிராமத்தில் வயிற்றருகே குண்டு பாய்ந்து இரண்டு நாளில் இறந்தார். 1960 வாக்கில் அந்த ஊர் வயலில் ஒரு விவசாயிக்குத் துருவேறிய 7 மில்லிமீட்டர் ரிவால்வர் ஒன்று கிடைத்தது. இடம் பொருந்துகிறது, குண்டின் அளவு பொருந்துகிறது, மண்ணில் கிடந்த காலமும் பொருந்துகிறது என்றார்கள். ஆம்ஸ்டர்டாம் வான் கோ அருங்காட்சியகம் 2016இல் அதைக் காட்சிக்கு வைத்தது. 2019இல் பாரிஸ் ஏலத்தில் 1,62,500 யூரோ. அதுதான் அந்தத் துப்பாக்கி என்று யாரும் சத்தியம் செய்யவில்லை. வான் கோ தன்னைத்தானே சுட்டுக்கொள்ளவே இல்லை, சிறுவர்கள் கையிலிருந்து தவறி வெடித்தது என்று 2011இல் வந்த ஒரு வாழ்க்கை வரலாறே வாதாடுகிறது. கைப்பிடிக் கட்டை இல்லை, விசை துருவில் உறைந்துவிட்டது. நம் விலைப்பட்டியல் கணக்கில் பூஜ்யம் சதவீதம்!

காரெட்டின் கதை காகிதத்தில் இருக்கிறது. வான் கோ துப்பாக்கியின் கதை மண்ணிலும் துருவிலும் இருக்கிறது, அதனால் ‘இருக்கலாம்’ என்ற அளவோடு நிற்கிறது. அந்தத் துருவை யாராவது தேய்த்துச் சுத்தம் செய்திருந்தால் அந்த ‘இருக்கலாம்’கூட மிஞ்சியிருக்காது. கலிப்போலிக் கதை இருந்தது வாயில் மட்டும்.

இப்போது 700 டாலர் வெப்ளி. நாலு மேசை தள்ளி, பழைய பெல்ட் பக்கிள்களுக்கும் தோட்டாப் பெட்டிகளுக்கும் நடுவே கிடந்தது. நீலம் என்று சொல்ல ஒன்றுமில்லை. பழுப்பேறிய இரும்பு, கைப்பிடியில் ஒரு கீறல். சீட்டில் ‘வெட்டியது’ என்று நேர்மையாக எழுதியிருந்தது. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் விலை இவ்வளவு கம்மி.

விஷயம் இதுதான். இரண்டாம் உலகப்போர் முடிந்து, 1950களிலும் 60களிலும் பிரிட்டன் கழித்துக்கட்டிய ஆயுதங்கள் கப்பல் கப்பலாக அமெரிக்கா வந்தன. தபாலில் பணம் அனுப்பினால் வீட்டு வாசலுக்குத் துப்பாக்கி வந்த காலம். 1968 சட்டம் வந்துதான் அந்தக் கதவு மூடியது. வெப்ளி மலிவு, ஆனால் .455 தோட்டா அமெரிக்காவில் கிடைக்காது. அங்கே எந்தக் கடையிலும் கிடைப்பது அவர்களுடைய ராணுவத் தோட்டாவான .45 ஏசிபி. விட்டம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் வெப்ளித் தோட்டாவுக்கு அடியில் வெளியே நீட்டும் விளிம்பு உண்டு, .45க்குக் கிடையாது. அதனால் வியாபாரிகள் சிலிண்டரின் பின்பக்கத்தைச் சில மில்லிமீட்டருக்கும் குறைவாகக் கடைந்து எடுத்தார்கள். மூன்று மூன்று தோட்டாவைப் பிடிக்கும் பிறைவடிவத் தகட்டுக் கிளிப்பை மாட்டி .45ஐப் போட அந்த இடம் போதும். துப்பாக்கி விற்றது. இப்படி வெட்டியவை ஏராளம்; அமெரிக்காவில் வெட்டாத மார்க் 6தான் தேடிப் பிடிக்கவேண்டியது.

சேகரிப்பாளர்களுக்கு வெட்டியது என்றால் கெட்டுப்போனது. எனக்கு அந்த வார்த்தையில்தான் சண்டை. அந்தப் பழுப்புத் துப்பாக்கியை விளக்கில் திருப்பித் திருப்பி அரைமணி நேரம் படித்தேன். 1916 என்ற வருஷம், வரப்போடு, விரலில் தட்டுப்பட்டது. பிரிட்டிஷ் அரசின் உடைமை என்பதைக் காட்டும் அகன்ற அம்புக்குறி. வேறொரு இடத்தில் இரண்டு அம்புக்குறிகள் முனையோடு முனை முட்டி நின்றன. ராணுவத்திலிருந்து கழித்து விற்றாயிற்று என்று அர்த்தம். குழலிலும் சிலிண்டர் அறைகளுக்கு நடுவிலும் பர்மிங்ஹாம் சோதனைச் சாலையின் முத்திரைகள். பிரிட்டனில் சோதிக்காமல் தனியாருக்கு விற்கக்கூடாது, அதனால் விற்றபோது அடித்தவை. அப்புறம் ஒரு ஓரத்தில் ‘இங்கிலாந்து’ என்று ஒரு முத்திரை. எந்த நாட்டுப் பொருள் என்று எழுதியிருந்தால்தான் அமெரிக்கச் சுங்கம் விடும். கடைசியாகச் சிலிண்டரின் பின்விளிம்பில் வரிசை எண். எண்ணின் தலைப்பகுதி இல்லை. கடைசல் கத்தி சீவிக்கொண்டு போயிருக்கிறது. சட்டத்தில் இருக்கும் எண்ணோடு ஒப்பிட்டேன். மிச்சமிருந்த பாதி இலக்கங்கள் பொருந்தின. 1916இல் இந்தச் சட்டத்தோடு பிறந்த சிலிண்டர்தான்.

ஆலை, ராணுவம், கழிவு, சோதனை, கப்பல், கடைசல். ஒரு சின்னப் பொருளில் இத்தனை பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், யாரும் முந்தையவர் போட்டதை முழுசாக அழிக்கவில்லை. எங்கள் தொழிலில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் யார், எப்போது என்று பதிவு இருக்கும். இந்தத் துப்பாக்கி அப்படி ஒரு பதிவேடு. பளபளப்பானதில் அந்தப் பதிவேட்டையே யாரோ அழித்துவிட்டு, கடைசி வடிவத்தை மட்டும் அழகாக வைத்திருக்கிறார்கள். ஆனாலும் சந்தையில் அதற்கு மூன்று மடங்கு விலை. பிறை கிளிப்புக்காகச் சீவியதும் சேதம்தான், மறுக்கவில்லை. சீவிய இரும்பை ஒட்டவைக்க முடியாது. ஆனால் அதுவும் ஒரு காலத்தின் தடம். எந்த நாட்டில், எந்தத் தோட்டா மலிவாகக் கிடைத்தபோது வெட்டினார்கள் என்பதுவரை அந்த வெட்டு சொல்கிறது.

இயந்திரமும் நன்றாகவே இருந்தது. கேட்டு அனுமதி வாங்கி, காலி என்று இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு, விசையை இழுத்துப் பிடித்தபடி சிலிண்டரை ஆட்டினேன், ஆட்டம் அதிகமில்லை. கீலில் குழல் பக்கவாட்டில் ஆடவில்லை. குழலுக்குள் வெள்ளைத்தாளை வைத்து வெளிச்சம் விட்டுப் பார்த்ததில் அங்கங்கே துருக்குழி, ஆனால் சுழல் வரிகள் தெரிந்தன. அந்தக் காலத்துத் தோட்டாவின் பற்றுமருந்து ஈரத்தை இழுக்கும் உப்பை விட்டுவிட்டுப் போகும், நூறு வருஷக் குழலில் குழி இல்லாவிட்டால்தான் ஆச்சரியம்.

அப்படியானால் வாங்கவேண்டியதுதானே? அங்கேதான் விற்பவர் ஒரு காரியம் செய்தார். மேசைக்கு அடியிலிருந்து ஒரு பெட்டி சாதாரண .45 ஏசிபி தோட்டாவையும் இரண்டு கிளிப்பையும் எடுத்து வைத்தார். ‘இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இலவசம். இன்றைக்கே போய்ச் சுடலாம்.’

தோட்டா உள்ளே போகிறது என்பதும் துப்பாக்கி அதைத் தாங்கும் என்பதும் வேறு வேறு. .45 ஏசிபியின் அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 21,000 பவுண்டு. வெப்ளியின் .455 அதைவிட வெகு சாது, 13,000 அளவில்தான். பர்மிங்ஹாமில் அடித்த சோதனை முத்திரை .455க்கு அடித்தது. வெட்டியது அதற்குப் பிறகு. ஒரு வெர்ஷனுக்குக் கொடுத்த டெஸ்ட் ரிப்போர்ட்டை இன்னொரு வெர்ஷனுக்கு ஒட்டிக்கொண்டு புரொடக்‌ஷனுக்கு அனுப்புகிற மாதிரி. ஒவ்வொரு தடவை சுடும்போதும் அந்தத் துப்பாக்கிக்குப் பரீட்சைதான். சிலிண்டர் பிளந்த வெப்ளிகளின் படங்களைப் பார்த்திருக்கிறேன். இதைச் சொன்னதும் அவர் தோளைக் குலுக்கினார். இருபது வருஷமாக இதையேதான் போட்டுச் சுடுகிறேன், ஒன்றும் ஆகவில்லை என்றார். எங்கள் ஆபீஸிலும் இந்த வாக்கியத்தைக் கேட்டிருக்கிறேன். வழக்கமாக ஏதாவது விழுந்து நொறுங்குவதற்கு முந்தைய வாரம் கேட்பது.

நான் சுடப்போவதில்லையே, எனக்கென்ன? அன்று ராத்திரி வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். மனைவி கேட்டது ஒரே கேள்வி. ‘சுடறதுக்கு இல்லேன்னா அப்புறம் எதுக்குங்க அது?’ படிக்க என்றேன். ‘படிச்சாச்சுல்ல. அரைமணி நேரம் படிச்சேன்னு நீங்கதானே சொன்னீங்க.’ பதில் சொல்ல வரவில்லை. பையனுக்குப் பன்னிரண்டு வயது. குழந்தைகள் கைக்கு எட்டும்படி துப்பாக்கியை விட்டால் டெக்சாஸில் குற்றம், அது ஒருபுறம். பூட்டிய பெட்டி வாங்குவேன், சாவி என்னிடம் இருக்கும், எல்லாம் சரி. ஆனால் படுத்துக்கொண்டு யோசித்தபோதுதான் அந்த வெட்டின் இன்னொரு அர்த்தம் உறைத்தது. வெட்டாத வெப்ளிக்குத் தோட்டா தேடி அலையவேண்டும். வெட்டிய வெப்ளிக்கு, எந்தத் தெருமுனைக் கடையிலும் கிடைக்கும் தோட்டா போதும். சேகரிப்பாளர் கண்ணுக்கு வெட்டு விலையைக் குறைக்கும் குறை. ஒரு வீட்டுக்காரனாக எனக்கு அது ஒரு அருங்காட்சியகப் பொருளை மறுபடி ஆயுதமாக்கிய வேலை. ஆபத்தான ஆயுதம், சுடுகிறவனுக்கும்.

அதனால் முடிவு இப்படி எடுத்தேன். பளபளப்பானது எந்த விலைக்கும் வேண்டாம். பழுப்பானதை வாங்குவதில்லை, ஆனால் ஞாயிற்றுக்கிழமை திரும்பப் போய், விற்பவரிடம் கேட்டு எல்லா முத்திரைகளையும் பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒழுங்காகப் படம் எடுத்துக்கொள்ளவேண்டும். வெட்டாத மார்க் 6 ஒன்று, எவ்வளவு பழுப்பாக இருந்தாலும், முத்திரை தேயாமல் நியாயமான விலைக்கு வந்தால் வீட்டில் மறுபடி பேச்சை எடுக்கலாம்.

ஞாயிறு மதியம் போனபோது அதை ஒரு இளைஞன் வாங்கிக்கொண்டிருந்தான். இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயதிருக்கும். படிவம் நிரப்பி முடித்திருந்தான். கொஞ்சம் பொறுங்கள் என்று கேட்டு, சிலிண்டரை மட்டும் நாலு படம் எடுத்துக்கொண்டேன். என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டான். பாதி வெட்டுப்பட்ட எண்ணைக் காட்டினேன், ஏன் அப்படி என்று சொன்னேன், அழுத்தக் கணக்கையும் சொன்னேன். விளிம்புள்ள .45 ஆட்டோ ரிம் என்று ஒரு தோட்டா உண்டு, கிளிப் வேண்டாம், அதிலும் கடைத் தோட்டா வேண்டாம், விவரம் தெரிந்த ஆளிடம் மருந்தைக் குறைத்து அடைத்து வாங்கு, இல்லாவிட்டால் சுடவே சுடாதே என்றேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டான், மரியாதையான பையன். பெயர் கேட்டான், கைகுலுக்கினான். விற்பவர் அவனுக்கும் இருபது வருஷக் கதையைச் சொன்னார்.

துப்பாக்கியைப் பையில் வைத்தான். தோட்டாப் பெட்டியை எடுத்து ஒரு நொடி கையில் வைத்துப் பார்த்துவிட்டு, அதையும் வைத்துக்கொண்டான்.